ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும்

செப்டம்பர் மாதத்தில் கடலோரச் சேற்றில் நடக்கப் போகிறவர்கள் ரப்பர் பூட்ஸ் போடக் கூடாது. பழைய கான்வாஸ் ஷூதான் சரி. கயிற்றை இறுக்கிக் கட்டிவிட்டால் எந்தச் சேறும் அதை உருவ முடியாது. வருகிறவர் போகிறவர் எல்லாரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன். டொமினிக்கிடமும் சொன்னேன், அவரும் அப்படியே செய்தார். அதனால் அவர் சேற்றில் மாட்டிச் சாகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இன்ஸ்பெக்டர். தண்ணீரில்தான் செத்தார்.

அவர், இவர் என்று மரியாதையாகச் சொல்லிப் பார்க்கிறேன், நாக்கு வளைய மாட்டேன் என்கிறது. அவன் என்றே சொல்கிறேன். எழுதிக்கொள்கிறவர் வேண்டுமானால் திருத்திக்கொள்ளட்டும்.

என் பெயர் மோரீன் லீக். ஸ்கார்பி சதுப்பு நிலக் காப்பகத்தின் காப்பாளர். ஹல் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்துவிட்டு நேராக இங்கே வந்தவள், அப்புறம் வேறெங்கும் போகத் தோன்றவில்லை. பக்கத்துப் பண்ணைக்கார நெவில் சொல்வான், எனக்குக் கல்யாணம் ஆனது கோரைப்புல்லோடு என்று. சொல்லிவிட்டுப் போகட்டும்.

புத்தகங்களுக்கு நான் விரோதி என்று பேப்பர்க்காரர்கள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அபாண்டம். என் வீட்டுக் கூடத்தில் ஒரு சுவர் முழுக்கப் புத்தகம்தான். நீர்நாயைப் பற்றி, வேலிப்புதர்களைப் பற்றி, மலைமேல் ஆடு மேய்ப்பதைப் பற்றி, லண்டன் வேலையை உதறிவிட்டு ஏதோ ஓர் ஆற்றங்கரையில் போய் மனதைத் தேற்றிக்கொண்டவர்களைப் பற்றி. இந்த நாட்டில் குருவிக்கு ஒரு புத்தகம் என்ற கணக்கில் எழுதுகிறார்கள், குருவிதான் குறைந்துகொண்டே வருகிறது. இருந்தாலும் நான் வாங்கிப் படிக்கிறேன். டொமினிக் ஹேர்வுட் எழுதிய முதல் புத்தகம், வயல் முயல்களைப் பற்றியது, அதை இரண்டு தடவை படித்தேன். நன்றாகவே எழுதியிருந்தான். அதை நான் மறுக்க மாட்டேன்.

அப்படிப்பட்டவன் ஒரு மே மாதம் என் வாசலில் வந்து நின்றபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஐம்பத்தெட்டு வயதில் பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ஓடி ஓடி பிளம் ரொட்டி வெட்டி, மேலே பாலாடைக்கட்டித் துண்டு வைத்துக் கொடுத்தேன். இரண்டாவது தடவை தேநீர் ஊற்றும்போதே வாயைக் கொடுத்துவிட்டேன். எங்கள் நாணல் காட்டில் பூனைப்பருந்து கூடு கட்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டேன்.

அது என்ன பெரிய விஷயம் என்று நீங்கள் கேட்கலாம். ஆப்பிரிக்காவில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு இங்கே கூடு கட்ட வருகிற அந்த இனத்து ஜோடிகளை, இந்த நாடு முழுவதும் சேர்த்தே விரல் விட்டு எண்ணிவிடலாம். முட்டை திருடிச் சேர்க்கிற கிறுக்கர்கள் உண்டு, படம் எடுக்கிறேன் என்று கூட்டையே மிதித்துவிடுகிறவர்கள் உண்டு. அதனால் எங்களுக்குள் ஒரு கட்டுப்பாடு. பறவையின் பெயரைக் கடையிலோ மதுக்கடையிலோ உச்சரிக்க மாட்டோம். ஆண் பறவை "மாமா", பெட்டை "அத்தை". ஏப்ரல் கடைசியில் நெவில் கடைத்தெருவில் நின்று, "மாமா ஊர்லேர்ந்து வந்துட்டார், அத்தையத்தான் இன்னும் காணோம்" என்பான். மாவு வாங்க வந்தவர்கள், இவனுக்கு எத்தனை மாமா என்று நினைத்துக்கொள்வார்கள். கூடு இருக்கும் இடம் எனக்கும் நெவிலுக்கும் எங்கள் அறக்கட்டளைத் தலைவருக்கும் மட்டும்தான் தெரியும்.

டொமினிக்கை நானே அழைத்துக்கொண்டு போனேன். கரைமேட்டின் பின்னால் குப்புறப் படுத்துக்கொண்டு பார்த்தோம். மாமா மேலே இருந்து ஒரு வயல் எலியை நழுவவிட்டார், அத்தை அந்தரத்திலேயே மல்லாந்து திரும்பி அதைக் காலால் பிடித்தாள். பக்கத்தில் விசும்பல் கேட்டது. டொமினிக் அழுதுகொண்டிருந்தான். அது எனக்குப் பிடித்திருந்தது, பொய் சொல்வானேன்.

"இத பாருங்க தம்பி, இந்த எடம் மூணு பேருக்குத்தான் தெரியும். நீங்க நாலாவது ஆள்."

"என்ன மோரீன், என்னைப் போய் சந்தேகப்படுறீங்களே. செத்தாலும் வாயத் திறக்க மாட்டேன்."

அந்த வாக்கில் பாதியைத்தான் அவன் காப்பாற்றினான். செத்த பிறகு திறக்கவில்லை.

அடுத்த வருஷம் மார்ச்சில் புத்தகம் வந்தது. எனக்கு ஒரு பிரதி அனுப்புவான் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. கடைசியில் நெவில்தான் எங்கிருந்தோ வாங்கிக்கொண்டு மதுக்கடைக்கு வந்தான். பீர் குவளையைத் தள்ளி வைத்துவிட்டு, தொண்டையைச் செருமிக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி படித்தான். 'சதுப்பின் விளிம்பில் ஒரு கிழவி வாழ்கிறாள். மரத்தின் வேர் போன்ற கைகள். எழுத்து வாசனை அறியாதவள். நான் கேட்டதற்கெல்லாம் மாடு மாதிரி தலையை மட்டும் ஆட்டினாள். ஆண் பறவையின் நிழலைத் தொடர்ந்து நாள்கணக்கில் அலைந்து, கூட்டை நானே கண்டுபிடித்தேன்.'

"அடியே மோ, இது நீதானே? எங்க, கையக் காட்டு, கையக் காட்டு."

"வேற எவ? கிழவின்னு சொல்ல இந்த ஊர்ல நானும் உங்கம்மாவும்தான் இருக்கோம்."

"எங்கம்மா போய்ச் சேர்ந்து எவ்வளவு வருஷமாச்சு கண்ணு."

"அப்ப நான்தான்."

கடையே சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். எனக்கு அதில் கோபம் எதுவும் இல்லை என்பதற்கு அன்றைக்கு அங்கே இருந்தவர்கள் எல்லாரும் சாட்சி. விசாரித்துப் பாருங்கள். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் கடையில் என்னைப் பார்த்தால் "மாடு வந்துடுச்சு, வைக்கோல் போடுங்கப்பா" என்பார்கள். அதற்கும் சிரித்தேன். வீட்டுக்கு வந்து அந்தப் பக்கத்தைத் திரும்பத் திரும்பப் படித்தது உண்மை. எழுத்து நடை எப்படி என்று பார்ப்பதற்காகத்தான்.

விஷயம் அது இல்லை. விஷயம் இரண்டு பக்கம் தள்ளி இருந்தது. ஊர்ப் பெயரை அவன் எழுதவில்லை, அந்த மட்டும் யோக்கியன். ஆனால் கூம்பு உடைந்த தேவாலயம், பச்சைக் கதவு வைத்த பம்ப் ஹவுஸ், இரண்டையும் ஒரே கோட்டில் வைத்துப் பார்த்தால் தெரிகிற நாணல் காடு என்று அழகழகாக வர்ணித்திருந்தான். கையில் வரைபடம் வைத்திருக்கிற எந்த முட்டாளும் கண்ணை மூடிக்கொண்டு வந்து சேர்ந்துவிடலாம்.

வந்து சேர்ந்தார்கள். போன வருஷம் மே மாதம் கரைமேட்டில் கார் நிறுத்த இடம் இல்லை. பீரங்கி நீளத்துக்கு லென்ஸ் வைத்துக்கொண்டு ஆண்கள், கையில் புத்தகத்தை விரித்துக்கொண்டு பெண்கள். நான் கயிறு கட்டினேன், கத்தினேன், கெஞ்சினேன். ஒரு பெண்மணி என் தோளைத் தட்டி, "அந்தக் கிழவி நீங்கதானா? ஒரு படம் எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். அத்தை மேலே ஏறி ஏறிக் கத்திக்கொண்டே இருந்தாள். கூட்டம் அவளைக் கூட்டில் இறங்க விடவில்லை. சாரல் வேறு. அத்தை கூட்டைக் கைவிட்டுப் போன பிறகு நான் நாணலுக்குள் புகுந்து முட்டைகளை எடுத்து உள்ளங்கையில் வைத்தேன். ஜில்லென்று இருந்தன. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வயிறு எரிந்தது, இன்ஸ்பெக்டர். பெற்ற பிள்ளையைப் பறிகொடுத்தவள் எப்படியோ எனக்குத் தெரியாது, என் வயிறு எரிந்தது.

அன்றைக்கே அவனுக்குப் போன் செய்தேன். இதை நீங்கள் கவனமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அந்த நேரம் அவன் மன்னிப்பு கேட்டிருந்தால் இன்றைக்கு நான் இங்கே உட்கார்ந்திருக்க மாட்டேன்.

"ஐயோ, கேக்கவே மனசு கஷ்டமா இருக்கு மோரீன். ஆனா இன்னொரு பக்கம் யோசிங்க. எத்தனை ஆயிரம் பேர் இப்போ அந்தப் பறவைய நேசிக்கிறாங்க! அது சின்ன விஷயமா?"

"முட்டை ஜில்லிட்டுப் போச்சு தம்பி. கேக்குதா? ஜில்லிட்டுப் போச்சு."

"அந்த முட்டைய கையில வெச்சப்போ எப்படி இருந்துச்சு? கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க, குறிச்சுக்கறேன். அடுத்த புத்தகத்துக்கு ஆகும்."

நான் சொன்னேன். மெதுவாகவே சொன்னேன். அவன் குறித்துக்கொண்டான்.

இனி தண்ணீர் விஷயம். மார்ச் மாதத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னால் தள்ளி வைத்து, அக்டோபரில் திருப்பி வைப்பது மனிதர்களின் பழக்கம். கடலுக்கு அந்தப் பழக்கம் இல்லை. ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி இறங்கும் நேரக் கணக்கை, வருஷம் முழுக்கத் தள்ளி வைக்காத கிரீன்விச் நேரத்தில்தான் அச்சடிக்கிறார்கள், எங்கள் கொட்டகைக் கரும்பலகையிலும் அதையே பார்த்து எழுதுவோம். பலகையில் கடல் ஏறி நிற்கும் நேரம் ஆறு என்று இருந்தால், கோடையில் நம் கைக்கடிகாரப்படி அது ஏழு. மனதுக்குள் ஒரு மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். ஸ்கார்பியில் குழந்தைகளுக்கும் இது தெரியும். டொமினிக்குக்கு நான்தான் சொல்லிக்கொடுத்தேன். அவனும் அதைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தான், சதுப்புக்குத் தனிக் காலம் உண்டு, தான் அந்தக் காலத்துக்குள் நுழையக் கற்றுக்கொண்டவன் என்று. இங்கே வரும்போது கைபேசியைக் காரிலேயே விட்டுவிட்டு வருவதாகவும் பெருமையாக எழுதியிருந்தான்.

அவனைக் கூப்பிடுவது சிரமமே இல்லை. மெல்லலகு உள்ளான் என்று ஒரு கரைப்பறவை உண்டு. உண்டு என்று சொல்வது தவறு, உலகத்திலேயே இல்லை என்று கைவிட்டுவிட்டார்கள். பறவைக்காரர்களிடம் அதன் பெயரைச் சொன்னாலே போதும், சாமி வந்தவர்கள் மாதிரி ஆகிவிடுவார்கள். இந்த ஆகஸ்டில் அவனுக்குப் போன் போட்டு, சேற்றுக்கு அப்பால் இருக்கிற வெளித்திட்டில் ஒன்றைப் பார்த்த மாதிரி இருக்கிறது, ஓதம் பெரிதாக ஏறுகிற செப்டம்பர் வாரத்தில் வந்தால் நீங்களும் பார்க்கலாம் என்றேன்.

"மோரீன், நிஜமாவா சொல்றீங்க? வேற யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"உங்ககிட்ட மட்டும்தான் தம்பி."

"சொல்லாதீங்க. தயவுசெஞ்சு யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க. கூட்டம் வந்தா எல்லாம் கெட்டுடும்."

அந்த ரகசியத்தை மட்டும் அவன் கட்டிக் காப்பாற்றினான். மனைவியிடம்கூடச் சொல்லவில்லை என்று நீங்களே சொன்னீர்கள்.

அவன் வந்த அன்றைக்குக் கடல் ஏறி நிற்கும் நேரம் கைக்கடிகாரப்படி மாலை ஏழு. பலகையில் ஆறு என்று எழுதுவதற்குப் பதிலாக நான் ஏழு என்று எழுதினேன். அவ்வளவுதான். நீங்கள் பலகையைப் படம் எடுத்து வைத்திருக்கிறீர்கள், நன்றாகப் பாருங்கள், அதில் பொய் எதுவும் இல்லை. ஒன்றும் தெரியாத எவராவது அதைப் பார்த்துப் போயிருந்தால் பத்திரமாகத் திரும்பியிருப்பார். டொமினிக்குக்குத்தான் எல்லாம் தெரியும்.

கொட்டகைக்குள் வந்தான், பலகையைப் பார்த்தான், என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினான்.

"ஏழுன்னு போட்டிருக்கு. அப்போ நம்ம கணக்குக்கு எட்டு. பாத்தீங்களா, மறக்கல!"

நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

வெளித்திட்டுக்குப் போக வேண்டுமானால் நடுவில் ஓர் ஓடையைத் தாண்ட வேண்டும். ஓதம் இறங்கியிருக்கும்போது கணுக்கால் அளவு தண்ணீர். ஏறும்போது திட்டில் நிற்கிறவனுக்கு எதிரே கடல் இன்னும் தூரத்தில்தான் தெரியும், ஆனால் முதுகுக்குப் பின்னால் அந்த ஓடை நிரம்பிவிடும். கடல் ஏறி நிற்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே திட்டை விட்டுக் கிளம்ப வேண்டும் என்பது எங்கள் விதி. அவன் கணக்குப்படி ஆறு மணிவரை நேரம் இருந்தது, உண்மையில் ஐந்துவரைதான். தண்ணீர் ஏற ஏறப் பறவைகள் திட்டை நோக்கி நெருங்கி வரும், அதனால் கடைசி நிமிஷம்வரை இருப்பான் என்று எனக்குத் தெரியும். நானும் அப்படித்தான் இருந்திருப்பேன்.

கொட்டகை ஜன்னலில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு பார்த்தேன். நல்ல வெளிச்சம். அவன் மண்டியிட்டு உட்கார்ந்து உள்ளான் கூட்டத்தை ஒவ்வொன்றாகத் தேடிக்கொண்டிருந்தான். ஆறு அடிக்கும் முன்பே ஓடை விளிம்பு தொட்டு ஓடியது. எழுந்து திரும்பினான், நின்றான். ஓடையில் இறங்கிப் பார்த்தான், இழுப்பு அதிகம், மறுபடி மேலே ஏறினான். கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தான். அப்படியே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தான். கணக்கு அப்போதுதான் புரிந்திருக்க வேண்டும்.

பிறகு கொட்டகையைப் பார்த்து இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். நான் வெளியே வந்து, அவன் பார்க்கிற மாதிரி நின்று, நானும் கையை ஆட்டினேன்.

கொட்டகையில் கடலோரக் காவல்படையைக் கூப்பிடும் வயர்லெஸ் இருந்தது. வேலை செய்யும் நிலையில்தான் இருந்தது, அன்று காலையில்தான் சோதித்தேன். மீட்புப் படகு வந்து சேர எவ்வளவு நேரம் ஆகும் என்பதும் தெரியும். தாராளமாக வந்திருக்கலாம். நான் கெட்டிலை அடுப்பில் வைத்தேன். கொஞ்ச நேரம் அவன் குரல் கேட்டது, என் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டான். மோரீன், மோரீன் என்று. தெரிந்துதானே இருக்கிறது, புத்தகத்தில் போட்டிருக்கலாமே என்று நினைத்துக்கொண்டேன். அப்புறம் காற்று திசை மாறியது. ஆம், நான்தான் கொன்றேன். வேண்டும் என்றே கொன்றேன். கையெழுத்து எங்கே போட வேண்டும் என்று சொல்லுங்கள்.

மறுநாள் காலையில் நெவில் கொட்டகைக்கு வந்து பலகையைப் பார்த்தான். கரைமேட்டில் நின்ற காரையும் பார்த்திருந்தான்.

"என்ன மோ இது? கடிகார நேரத்தப் போட்டிருக்கே?"

"தப்பாவா இருக்கு?"

"தப்பா இல்லடி. சரியா இருக்கு. அதான் பயமா இருக்கு." சொல்லிவிட்டு என் முகத்தையே பார்த்தான். அவன் உங்களிடம் வந்தது நியாயம்தான். எனக்கு அவன்மேல் வருத்தம் இல்லை.

நான் இதைப் பறவைகளுக்காகச் செய்தேன். ஜில்லிட்ட அந்த முட்டைகளுக்காக. அவற்றுக்கு வக்கீலும் இல்லை, கோர்ட்டும் இல்லை, போன் செய்து சொன்னால் குறித்துக்கொள்ள மட்டும்தான் ஆள் இருக்கிறார்கள். யாராவது ஒருவர் அவற்றின் பக்கம் நிற்க வேண்டியிருந்தது.

ஜூலையில் என்ன நடந்தது என்று கேட்கிறீர்கள். அதையும் நெவில் சொல்லிவிட்டானா. சரி. இந்த வருஷம் அத்தையும் மாமாவும் திரும்பி வந்தார்கள். நாணல் காட்டுக்கு இல்லை, நெவிலின் பார்லி வயலுக்கு. மூச்சுக்காட்டாமல் வைத்திருந்து, குஞ்சுகளுக்கு இறக்கை முளைத்த பிறகுதான் அவன் என் வீட்டுக்கு ஓடி வந்தான். கூட்டைச் சுற்றி ஒரு சதுரம் கதிர் அறுக்காமல் விட்டிருந்தான்.

"வா, வந்து பாரு. மூணு குட்டி மோ, மூணு! அத்தை ஒரு குறையும் இல்லாம பெத்து எடுத்துட்டா. இனிமேயாவது அந்த ஆள்மேல இருக்கிற கோபத்த விடுடி."

"நான் எங்க கோபப்பட்டேன்" என்றேன்.

வரப்பில் நின்று பார்த்தேன். மூன்றும் பார்லிக்கு மேலே தடுமாறித் தடுமாறி எழும்பின, மாமா இரையோடு வந்தார், மூன்றும் ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு பாய்ந்தன. நெவிலுக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குக் கலங்கவில்லை. எனக்குத் தோன்றியது ஒன்றுதான்: இது தெரிந்தால் அவன் மறுபடியும் வருவான், இதையும் எழுதுவான், அதிலும் நான் கிழவியாகத்தான் இருப்பேன்.